அம்மாவுக்கு மருந்து, சபைக்குக் காணிக்கை: அண்ணனிடம் எப்படிப் பேசுவது?

கம்மனஹள்ளி மகள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் அண்ணனும் பெங்களூரில்தான் இருக்கிறோம். நான் கம்மனஹள்ளியில், அவன் ஒயிட்ஃபீல்டு பக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் சாயர்புரம் அருகே. அப்பா தவறிய பிறகு அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் இங்கே கூட்டிவந்தோம். அம்மா என்னோடு இருக்கிறார். சர்க்கரையால் கண்ணில் பாதிப்பு, அதற்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். போன வருஷம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆனது. இப்போது வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். செலவு எப்படி ஓடும் என்று உங்களுக்கே தெரியும்.

அண்ணன் கெட்டவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியோ சீட்டோ கிடையாது. ஒரு பெரிய சபையில் முக்கியமான ஊழியக்காரன். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, தவறியதே இல்லை. அது போக ஆலயக் கட்டட நிதிக்கு மாதாமாதம் ஒரு தொகை தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறான். அம்மா செலவைப் பற்றிப் பேச்சு வந்தால், "கர்த்தருக்குப் பொருத்தனை பண்ணிட்டேன், மிச்சம் இருந்தா பார்க்கலாம்" என்பான். பொருத்தனை என்றால் தேவனுக்கு நேர்ந்துகொள்வது. மிச்சம் இருந்ததே இல்லை. நேரமும் அப்படித்தான். ஞாயிறு முழுக்க ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம், சனி கொயர் பயிற்சி. கடைசியாக வந்தது கிறிஸ்துமஸுக்கு. கேக் டப்பாவை நீட்டினான், செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் நின்றே ஜெபம் பண்ணினான், கிளம்பிவிட்டான். கீழே வண்டி அடுத்தவர் கேட்டை மறைத்து நிற்கிறதாம்.

என் கேள்வி பணத்தைப் பற்றியது இல்லை. "விடு, நாமளே பார்த்துக்கலாம்" என்கிறார் என் வீட்டுக்காரர். பார்த்துக்கொள்ளவும் முடியும். ஆனால் கோவிலில் திருவிருந்துக்கு (நற்கருணைக்கு) முழங்கால் போடும்போது அண்ணன் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது. கேட்டால் சண்டையாகி உறவு அறுந்துவிடுமோ என்று பயம். கேட்காமல் இருந்தால் உள்ளுக்குள்ளேயே கசந்து போகிறது. என்னதான் செய்வது? வசனத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள், ப்ளீஸ்.

பழைய கொயர் பாஸ்

வசனம் வேண்டாம் என்கிறீர்கள். ஆனாலும் இந்த விஷயத்துக்கு வேதாகமத்தில் மாற்கு 7-ஆம் அதிகாரத்தைத் தொடாமல் நகர முடியாது சிஸ்டர். உங்கள் அண்ணன் கதை அப்படியே அங்கே இருக்கிறது.

அன்றைக்கு ஒரு வழக்கம். ஒருவன் தன் பொருளைக் காட்டி "இது கொர்பான்" என்று சொல்லிவிட்டால் அது தேவனுக்கு நேர்ந்துவிட்டதாக ஆகிவிடும். பெற்றவர்கள் அதில் கை வைக்க முடியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொன்ன உடனே கொண்டுபோய் ஆலயத்தில் கட்டிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொருள் அவன் வீட்டிலேயே கிடக்கலாம். தகப்பனும் தாயும் கேட்கும்போது மட்டும் அது தேவனுடையது. இயேசு இதைப் பக்குவமாகச் சொல்லவில்லை, உங்கள் பாரம்பரியத்தால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். திட்டு வாங்கியவர்கள் பக்தியில்லாதவர்கள் அல்ல. ஊரிலேயே அதிக பக்தி உள்ளவர்கள் அவர்கள்தான்.

கட்டட நிதிக்குக் கொடுப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. நானே கொடுக்கிறேன். அம்மாவின் கண் ஊசிக்கு உரிய பணத்தை எடுத்து அங்கே கொடுத்தால் அது காணிக்கைக் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

ஜெபவீரன்

பாஸ் அண்ணன் ஒரு பக்கத்தை மட்டும் பாடுகிறார். "தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல" என்று சொன்னதும் அதே இயேசுதான். தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனைக்கூட அவர் விடவில்லை. சிஸ்டரின் சகோதரர் தேவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேராமல் இருப்பதே நலம் என்று பிரசங்கி 5-ல் இருக்கிறது. நேர்ந்தாகிவிட்டது. இனி அவர் என்ன செய்வார்? ஒரு ஊழியக்காரரை இப்படிப் பொதுவில் போட்டு அலசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சந்தேகத் தோமா

ஜெபவீரன், அவர் பெயரும் இல்லை, சபையின் பெயரும் இல்லை. யாரை அலசிவிட்டோம்?

சிலுவையில் தொங்கும்போது இயேசுவுக்கு வேறு வேலை இல்லாமலா இருந்தது? உலக ரட்சிப்பு நடந்துகொண்டிருக்கிற நேரம். அந்த நேரத்திலும் அம்மாவை யார் வீட்டில் விடுவது என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் உயிரை விட்டார். யோவான் 19. "பெரிய ஊழியத்தில் இருக்கிறேன், வீட்டைக் கவனிக்க நேரமில்லை" என்று சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் அவர். அவரே அப்படிச் சொல்லவில்லை.

ஊழியர்களின் வாழ்க்கை வரலாற்றை நாம் படிக்கிற விதத்திலும் கோளாறு இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றி ஞாயிறு பள்ளியில் எத்தனை தரம் கேட்டிருப்போம்! 1793-ல் இந்தியா வந்தார், செராம்பூர், எத்தனையோ மொழிகளில் வேதாகமம். அவர் மனைவி டாரதியை நினைவிருக்கிறதா? முதலில் வரவே மாட்டேன் என்றவர். கப்பல் ஏறும் நேரத்தில் சம்மதிக்கவைத்துக் கூட்டிவந்தார்கள். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்துபோனான். அதற்குப் பிறகு டாரதியின் மனநிலை பிசகி, 1807-ல் சாகும்வரை தேறவே இல்லை. பையன்களை அதட்டி, அரவணைத்து வளர்த்ததில் பெரும்பங்கு சக மிஷனரி ஹன்னா மார்ஷ்மேனுடையது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். டாரதியைக் காப்பகத்தில் விட்டுவிடுங்கள் என்று மற்றவர்கள் சொன்னபோது கேரி மறுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டார். மனுஷன் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பை மட்டும் சாட்சியாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறையில் இருந்த டாரதியை விட்டுவிடுவது நம் பழக்கமாகிவிட்டது.

நாசரேத்துக்காரி

ஆம்பிளைகள் மூன்று பேரும் வேதபாட வகுப்பு நடத்துகிறீர்கள். அந்தப் பிள்ளை கேட்டது அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்று.

மகளே, நான் லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன், உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. அண்ணனிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து, மாதம் இவ்வளவு ஆகிறது, நீ இவ்வளவு போடு என்று தொகையைச் சொல்லிக் கேட்டாயா? இல்லை, அண்ணிக்கு வாட்ஸ்அப்பில் மருந்துக் கடை பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினாயா? நம் வீடுகளில் பாதி மனஸ்தாபம் அண்ணிமார் போனில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மத்தேயு 18-ல் முதல் படி நீயும் அவனும் மட்டும் தனியாக. அண்ணி வேண்டாம், உன் வீட்டுக்காரர் வேண்டாம், ஐயரம்மா (போதகர் மனைவி) வேண்டாம். நம் ஆட்கள் அதைத் தலைகீழாகச் செய்வார்கள். முதலில் ஜெபக்குறிப்பு என்று பெண்கள் ஐக்கியத்தில் சொல்லிவிடுவார்கள், சம்பந்தப்பட்டவனுக்குக் கடைசியில் தெரியவரும்.

ஆராதனையில் சமாதானம் சொல்கிற நேரத்தைப் பார்த்திருப்பீர்கள். நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனை முறையில் கைக்குக் கை கொடுக்கிற அந்த வழக்கம் காணிக்கைப் படைப்புக்கு முன்னாலேயே வரும். சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வந்து காணிக்கையைச் செலுத்து என்று மத்தேயு 5-ல் இருக்கிற ஒழுங்கு அது. எங்கள் கோவிலில் ஒரு குடும்பத்துச் சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். சமாதானம் வந்ததும் ஒருவன் பின்வரிசைக்குத் திரும்பிவிடுவான், மற்றவன் முன்வரிசைக்குக் கை நீட்டுவான். வருஷக்கணக்காக இந்த டிரில் நடக்கிறது. பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், வயிற்றெரிச்சலாகவும் இருக்கும்.

கம்மனஹள்ளி மகள்

அக்கா, நேரில் கேட்கவில்லை. கேட்க விடாதது அம்மாதான். "என் பிள்ளைகிட்டயே என்னைக் கையேந்த வைக்கிறியா?" என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். அவன் வராததற்கும் அம்மாவே காரணம் சொல்லிவிடுவார். சில்க் போர்டு டிராபிக்காம். ஒயிட்ஃபீல்டிலிருந்து கம்மனஹள்ளி வருவதற்கு எதற்கு சில்க் போர்டு என்று நான் கேட்டதில்லை. இப்போது மெட்ரோவே இருக்கிறது. பையப்பனஹள்ளியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் வந்துவிடலாம்.

வலியோடு உட்கார்ந்திருக்கும்போதும் வாசலில் பைக் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பிசியோதெரபிஸ்ட் பெண் கன்னடத்தில் "மக பந்தனா?" (மகன் வந்தானா?) என்று கேட்பாள். அம்மாவுக்கு அந்த இரண்டு வார்த்தை மட்டும் நன்றாகப் புரியும்.

அரை வக்கீல்

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இரண்டு சட்ட விஷயம் சொல்கிறேன். கேஸ் போடச் சொல்லவில்லை. நிலவரம் தெரியாமல் பேசப் போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, தன் வருமானத்திலும் சொத்திலும் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத தாய் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். மனு உதவி ஆணையர் அளவிலான தீர்ப்பாயத்துக்குப் போகும், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டம் வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். கவனியுங்கள், மகன் மட்டும் இல்லை, மகளும் அதே அளவுக்குப் பொறுப்பு. "பையன்தானே பார்க்கணும்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இரண்டாவது, அப்பாவின் வீடு. சாயர்புரம் வீடு இன்னும் இருக்கிறதா? அப்பா உயில் எழுதினாரா? எழுதவில்லை என்றால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதியில் உங்களுக்கும் அண்ணனுக்கும் சரிபாதி. கல்யாணத்தில் சீர் செய்தாகிவிட்டது என்பதால் மகளின் பங்கு போய்விடாது. நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருந்துவிடுவார்கள்.

பழைய கொயர் பாஸ்

வக்கீல் தம்பி, இது நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

அரை வக்கீல்

இல்லை ஐயா. ஊரில் சொத்துக்காகப் பேச்சு நின்றுபோன வீடுகளில் முக்கால்வாசி, எழுதி வைக்காததால்தான் அப்படி ஆனது. யாருக்கு என்ன என்று வெள்ளைத்தாளில் தெளிவாக இருந்தால் ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட வேண்டியதில்லை. உறவு முறியக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

கம்மனஹள்ளி மகள்

வீடு இருக்கிறது, வாடகைக்கு விட்டிருக்கிறோம். வாடகை அம்மா கணக்கில்தான் விழுகிறது. ஏ.டி.எம். கார்டு அண்ணனிடம் இருக்கிறது. அப்பா இறந்த சமயத்தில் வங்கி வேலையெல்லாம் அவன்தான் ஓடியாடிச் செய்தான், அப்படியே அவனிடம் தங்கிவிட்டது. எடுக்கிறானா இல்லையா, எனக்குத் தெரியாது. அம்மா கேட்டதே இல்லை.

சந்தேகத் தோமா

நீதிமொழிகள் 28:24-ஐ ஜெபவீரன் ஒரு தரம் வாசித்துவிட்டு வரட்டும். தகப்பனையும் தாயையும் கொள்ளையிட்டு, அது துரோகமல்ல என்பவனைப் பற்றி அங்கே இருக்கிறது.

நாசரேத்துக்காரி

தோமா, அவசரப்படாதீர்கள். கார்டு கையில் இருந்தால் திருடன் என்று ஆகிவிடுமா? வங்கிக்கு அம்மாவைக் கூட்டிப் போய்ப் பாஸ்புக்கில் பதிந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அது அம்மா பணம், பார்க்க அம்மாவுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். மகளே, முதலில் அதைச் செய். அண்ணன் ஒரு ரூபாய்கூடத் தொடாமல் இருந்தால் உன் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கும். எடுத்திருந்தாலும் என்ன பேசுவது என்று தெரியும். தெரியாமல் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு திருவிருந்து எடுப்பதுதான் ஆகாது.

ஜெபவீரன்

தோமா, வாசித்தேன். வசனத்தை மறுக்க முடியாது. அதனால் நான் நேற்றுச் சொன்னதில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். அம்மாவுக்கு உரியதைப் பொருத்தனை பண்ண அவருக்கு உரிமை கிடையாது, தன்னுடையதைத்தான் ஒருவர் நேர முடியும்.

ஆனால் சிஸ்டர், இந்த மாதிரி சபைகளுக்குள் இருப்பது எப்படி என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. நான் உள்ளே இருப்பவன், சொல்கிறேன். வாக்குறுதி அட்டை கொடுக்கிற ஞாயிறு உணர்ச்சி உச்சத்தில் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் எழுதுகிற தொகை கண்ணில் படும். முன்வரிசையில் நிற்கிற ஊழியக்காரன் குறைவாக எழுத முடியாது. எழுதிய பிறகு மாதாமாதம் நினைவூட்டல் வரும். உங்கள் சகோதரர் பிடிவாதமாக இருக்கிறார் என்று நினைக்கிறீர்கள். அவர் மாட்டிக்கொண்டு முழிக்கிறாராக இருக்கலாம். தங்கை முன்னால் அதை ஒத்துக்கொள்ள வெட்கம், அதனால் "கர்த்தருக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். அவர் போதகரிடம் போய் "என் தாய்க்கு இவ்வளவு தேவை, வாக்கைக் குறைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், நல்ல போதகர் மறுக்க மாட்டார். 1 தீமோத்தேயு 5-ல் பவுல் சொல்வதும் அதுதானே? விதவைகளை வீட்டார் பார்க்கட்டும், சபைக்குப் பாரம் வேண்டாம். வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியைவிடக் கெட்டவன் என்கிற அளவுக்கு அங்கே போய்விடுகிறார்.

அவரைக் குற்றம் சாட்டி ஆரம்பிக்காதீர்கள். அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய கொயர் பாஸ்

இதைத்தான் தம்பி எதிர்பார்த்தேன். கை கொடு.

சிவாஜிநகர் கத்தோலிக்கன்

உங்கள் சபை விவகாரத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்களுக்குக் கட்டட நிதி நெருக்கடி இந்த அளவுக்கு இல்லை, ஆனால் வியாதி ஒன்றுதான். ஆகஸ்ட் 29 கொடியேறிவிட்டால் செப்டம்பர் 8 மாதா திருநாள் வரை பசிலிக்காவே கதி என்று கிடக்கிறவர்களை எனக்குத் தெரியும். காவி உடுத்தி, விரதம் இருந்து, நடந்தே வருவார்கள். வீட்டில் படுத்திருக்கிற மாமியாருக்கு ஒரு வேளை கஞ்சி வைக்க ஆள் இருக்காது. எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) ஒரு பெரியவர் அதற்கு ஒரு வழி செய்தார். நவநாளில் தினமும் மாலை யாராவது இருவர் பூசைக்குப் போகாமல் வீட்டோடு கிடக்கிற நோயாளிகளிடம் போய் உட்கார வேண்டும், முறை வைத்து. முதல் வருஷம் முணுமுணுத்தார்கள். இப்போது அந்த முறைக்குப் பேர் கொடுக்கப் போட்டி.

கன்டோன்மென்ட் தாத்தா

நான் ரிட்டயர்ட் ஆசாமி, எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கடைசியில் வருகிறேன். எல்லாரும் ரத்த சொந்தத்தையே பேசுகிறீர்கள். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு அது மட்டும் போதாது.

நம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். 1912-ல் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. வெள்ளைக்காரர்கள் நிறைந்த சபையில் எழுந்து நின்று அவர் பேசினார். ஏழைகளுக்குப் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையே எரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றைக்கு நம் சபைகளை நோக்கி அதையே சொன்னாலும் பலருக்குப் பிடிக்காது. பணம், பாட்டு, கட்டடம் எல்லாம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரவு துணைக்குப் படுக்க ஆள் கேட்டால் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படம் வரிசையாக வந்து விழுகிறது.

நீதிமொழிகள் 27:10-ல் ஒரு கறாரான பேச்சு இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் சகோதரன் வீட்டுக்குப் போகாதே, "தூரத்திலுள்ள சகோதரனிலும் சமீபத்திலுள்ள அயலானே வாசி." பெங்களூரில் ஒயிட்ஃபீல்டும் தூரம்தான்.

ஆனால் அதே வசனம் தகப்பனுடைய சிநேகிதனை விட்டுவிடாதே என்றும் சொல்கிறது. உங்கள் அப்பாவுக்கு நெருங்கிய நண்பர் யாராவது ஊரில் உண்டா அம்மா? அண்ணன் மதிக்கிற ஆளாக? பஞ்சாயத்துக்கு வேண்டாம். அவர் போன் செய்து "அம்மா எப்படி இருக்காங்க?" என்று அண்ணனிடம் கேட்டாலே போதும். பதில் சொல்ல அவன் அம்மாவை வந்து பார்த்தாக வேண்டும்.

நாசரேத்துக்காரி

தாத்தா நல்ல ஆளுதான்!

மகளே, இன்னொன்றும் தோன்றுகிறது. பணம் கேட்கப் போவதற்கு முன்னால், வேறு ஒன்றைக் கேள். அம்மா ஊருக்குப் போக ஆசைப்படுகிறாரா? அசனம் எப்போது?

கம்மனஹள்ளி மகள்

அசனத்தைப் பற்றிப் பேசாத நாளே இல்லை அக்கா. போன வருஷம் ஆபரேஷனால் போக முடியவில்லை. கோவில் வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறதை விட்டால் அம்மாவுக்கு வருஷமே முடியாது.

நாசரேத்துக்காரி

அப்போ அதைக் கேள். "அண்ணே, அம்மாவை அசனத்துக்கு நீதான் கூட்டிப் போகணும், எனக்கு லீவு இல்லை." மைசூர்-தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த். ஒரு ராத்திரி முழுக்க அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, பாத்ரூமுக்குக் கைபிடித்துக் கூட்டிப் போகட்டும். கண்ணுக்கு என்ன, இடுப்புக்கு என்ன என்று பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட அது சீக்கிரம் புரியும். பணப் பேச்சைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள், தொகையோடு, நீயும் அவனும் மட்டும். அவன் முடியாது என்றால் அதுவும் தெரிந்துபோகும். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் ரோமர் 12-ல் இருக்கிறது, அவன் பங்கையும் சேர்த்து நீ சுமக்கச் சொல்லவில்லை.

கம்மனஹள்ளி மகள்

இன்று அம்மாவை வங்கிக்குக் கூட்டிப் போனேன். வாடகை அப்படியே இருக்கிறது, ஒரு பைசா எடுக்கவில்லை. அம்மா பாஸ்புக்கை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினார், ஒன்றும் பேசவில்லை. அசனத்துக்கு டிக்கெட் போடச் சொல்லி அண்ணனுக்கு நானே போன் செய்தேன். கொயரில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். "கேட்டுச் சொல்லாதே, சொல்லிட்டு வா" என்றேன். சிரித்தான். இன்னும் டிக்கெட் போடவில்லை.

சந்தேகத் தோமா

டிக்கெட் நம்பரைப் பார்க்கிறவரை நான் நம்ப மாட்டேன். ஆனால் திருடன் ரேஞ்சுக்குப் பேசியதை வாபஸ் வாங்குகிறேன்.

நாசரேத்துக்காரி

புதன்கிழமை எனக்கு வேலை கிடையாது. பதினோரு மணிக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்திருக்கட்டுமா? நீ நிம்மதியாக ஆபீஸ் போய்விட்டு வரலாம். எங்கள் ஊர்ப் பேச்சு பேச எனக்கும் ஆள் வேண்டும். வீட்டில் நாய் உண்டா? எனக்கு நாய் என்றால் ஆகாது.

கம்மனஹள்ளி மகள்

நாய் இல்லை அக்கா. முகவரி தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முட்டி வலி இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள், யாரையாவது கீழே அனுப்புகிறேன்.